‘கைப்பேசி இயங்கவில்லை’ என்பது ஆய்வு முடிவு அல்ல

சாதிய வன்கொடுமை வழக்குகளின் தடய அறிவியல் அறிக்கைகளில் நாம் எதிர்கொள்ளும் வாசகம் ஒன்று உண்டு: கைப்பேசி இயங்கும் நிலையில் இல்லை, ஆகவே தரவுகளைப் பெற இயலவில்லை. ஒற்றை வரிதான். விசாரணை அதிகாரி அதை இணைத்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார். அரசு வழக்கறிஞர் அடுத்த சான்றாவணத்துக்கு நகர்கிறார். கொல்லப்பட்ட மகனின் கைப்பேசியில் கடைசியாக என்ன பதிவாகியிருந்தது என்பதை இனி அறிய வழியே இல்லை என்று பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள்.

அந்த வரி கைப்பேசியின் நிலையைச் சொல்கிறது; ஆய்வின் முடிவைச் சொல்லவில்லை. கைப்பேசி ஏன் இயங்கவில்லை, எந்தப் பாகம் பழுதானது, நினைவகச் சிப் நல்ல நிலையில் உள்ளதா, தரவைப் பெற எந்தெந்த முறைகள் முயலப்பட்டன ஆகிய கேள்விகளுக்கு விடை தராத அறிக்கை முழுமையான அறிக்கை ஆகாது. இக்கேள்விகளைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கைப்பேசி எப்படி இயங்குகிறது என்ற அடிப்படைப் புரிதலும், சட்டம் பாதிக்கப்பட்டோருக்கு அளித்துள்ள உரிமைகள் குறித்த தெளிவும் போதும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உடைக்கப்படுவது

சேரிக்குள் கும்பல் நுழையும்போது, அதைப் படம்பிடிப்பவரின் கையிலிருந்து முதலில் பறிக்கப்படுவது கைப்பேசிதான். அது தரையில் அறைந்து உடைக்கப்படுகிறது; கிணற்றிலோ ஏரியிலோ வீசப்படுகிறது; குடிசையோடு சேர்ந்து எரிகிறது. அதன் சாட்சிய மதிப்பைத் தாக்குபவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? கூலி வேலைக்கும் நடக்கும் பாதைக்கும் ஊரைச் சார்ந்திருக்கும் ஒருவர், மாதங்கள் கடந்து நீதிமன்றக் கூண்டில் ஏறும்போது எத்தனை அழுத்தங்களைச் சுமந்து நிற்பார் என்பதை நாம் அறிவோம். நேரடிச் சாட்சிகள் பிறழ்வது வன்கொடுமை வழக்குகளின் நிரந்தர நோய். மின்னணுப் பதிவுக்கு அந்த அச்சம் இல்லை. 2015ஆம் ஆண்டு கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்வோம். அதில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். ஆயினும் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் வழக்கைத் தாங்கி நின்றன. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022இல் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது.

எல்லாச் சேரிகளிலும் கண்காணிப்புக் கேமரா இருப்பதில்லை. பெரும்பாலான சம்பவங்களில் நமக்கிருக்கும் ஒரே கேமரா, உடைக்கப்பட்ட அந்தக் கைப்பேசிதான்.

‘இயங்கவில்லை’ என்பதன் பல பொருள்கள்

பழுது நீக்கும் கடைகளில் ‘டெட்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட பல நிலைகள் அடங்கியுள்ளன.

முதல் நிலை: கைப்பேசி உண்மையில் இயங்கிக்கொண்டிருக்கும், திரை மட்டும் உடைந்திருக்கும். டிஸ்பிளேவை மாற்றினால் போதும். இரண்டாவது: பேட்டரியோ சார்ஜிங் பகுதியோ பழுதாகி மின்சாரம் உள்ளே செல்லாத நிலை. மூன்றாவது: மென்பொருள் சிதைந்து, நிறுவனத்தின் லோகோவோடு நின்றுவிடும் அல்லது அணைந்து அணைந்து மீண்டும் தொடங்கும் நிலை. நான்காவது: மதர்போர்டில் பவர் ஐசி போன்ற ஏதேனும் ஒரு பாகம் கருகியோ, நீரால் அரிக்கப்பட்டோ போன நிலை. ஐந்தாவது: மதர்போர்டே உடைந்து பிளந்த நிலை.

நாம் தேடும் படங்களும் காணொளிகளும் குறுஞ்செய்திகளும் இருப்பது நினைவகச் சிப்பில். விரல் நகத்தளவே உள்ள அந்தச் சிப், மேற்சொன்ன ஐந்து நிலைகளில் முதல் நான்கிலும், பல வேளைகளில் ஐந்தாவதிலும்கூட, சேதமின்றி இருக்க வாய்ப்பு உண்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் பதிந்த தரவு அழிவதில்லை. ஆகவே ‘கைப்பேசி இயங்கவில்லை’ என்பதும் ‘தரவு அழிந்துவிட்டது’ என்பதும் இருவேறு கூற்றுகள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் அறிக்கையைத்தான் நாம் எதிர்க்க வேண்டியுள்ளது.

ஆய்வகம் செய்யக்கூடியவை

தடய அறிவியலில் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. பொருளுக்குக் குறைந்த சேதம் விளைவிக்கும் முறையிலிருந்து தொடங்கி, படிப்படியாகவே கடுமையான முறைகளுக்குச் செல்ல வேண்டும்.

முதல் படி, பழுது நீக்கம். திரை, பேட்டரி, சார்ஜிங் பகுதி ஆகியவற்றை மாற்றிப் பார்ப்பது. நீரில் விழுந்த கைப்பேசி என்றால் மதர்போர்டை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு அரிப்பைச் சுத்தம் செய்வது. நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பழுதான சிறு பாகங்களைச் சாலிடரிங் மூலம் மாற்றுவது. இவற்றின் நோக்கம் கைப்பேசியைப் பயன்பாட்டுக்குத் தயாராக்குவது அன்று. தரவை நகலெடுக்கும் வரை சில மணி நேரம் அதை உயிர்ப்பித்து வைப்பதே.

இரண்டாம் படி, இயங்குதளத்தைத் தொடாமல் நினைவகத்தை அணுகுவது. குவால்காம், மீடியாடெக் போன்ற நிறுவனங்களின் செயலிச் சிப்களில், ஆண்ட்ராய்டு தொடங்காத நிலையிலும் கணினியோடு இணைந்து பேசும் அவசர நிலை ஒன்று உள்ளது. தயாரிப்பாளர்கள் பழுது நீக்கத்துக்காக வைத்த அந்த வழியைத் தடய ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எல்லா மாடல்களிலும் அது பயன்தராது.

மூன்றாம் படி, மதர்போர்டில் சோதனைக்காக விடப்பட்டுள்ள நுண்ணிய இணைப்புப் புள்ளிகளில் கம்பிகளைப் பற்றவைத்துத் தரவைப் படிப்பது. ஜேடேக் என்று அழைக்கப்படும் முறை இவ்வகையைச் சேர்ந்தது. நான்காம் படி, நினைவகச் சிப்பையே மதர்போர்டிலிருந்து பெயர்த்தெடுத்துத் தனிக் கருவியில் வைத்துப் படிப்பது. இதற்குச் சிப்-ஆஃப் என்று பெயர். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் பத்து ஆண்ட்ராய்டு மாடல்களில் இவ்விரு முறைகளையும் சோதித்து, அவை தரவை மாற்றாமல் பெற்றுத்தருகின்றன என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. தரவை எடுப்பதை மட்டுமே அந்தச் சோதனை ஆராய்ந்தது, பூட்டப்பட்ட தரவைத் திறப்பதை அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வேறுபாடு ஏன் முக்கியமானது என்பதை ஒரு பெருந்துயர் நமக்கு விளக்குகிறது.

கடலிலிருந்து வந்த சாட்சியம்

2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவின் சேவோல் கப்பல் கவிழ்ந்தது. 304 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பான்மையோர், கல்விச் சுற்றுலா சென்ற ஆன்சான் நகரத்து தான்வான் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். கடல்நீரில் ஊறிய கைப்பேசிகள் உடல்களோடு பெற்றோரிடம் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து மீட்கப்பட்ட காணொளிகளில் கப்பல் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தின் காட்சிகள் இருந்தன. இருந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொன்ன ஒலிபெருக்கி அறிவிப்பும் அவற்றில் கேட்டது. என்ன நடந்தது என்று அரசிடம் உண்மையைக் கேட்டுப் போராடிய பெற்றோர் கையில், பிள்ளைகளே பதிவுசெய்த சாட்சியம் இருந்தது. 2017இல் கப்பல் கடலடியிலிருந்து தூக்கப்பட்டபோது கிடைத்த கைப்பேசிகள் சிலவற்றிலிருந்தும் தரவுகள் மீட்கப்பட்டன. மூன்றாண்டுகள் கடலடியில் கிடந்த பின்னரும் அது இயன்றது.

நாம் இதிலிருந்து பெறும் பாடம் இரண்டு. கைப்பேசி செத்தாலும் சாட்சியம் சாவதில்லை என்பது முதலாவது. இரண்டாவது பாடம் எச்சரிக்கை: அது 2014. அக்காலத்தில் விற்பனையில் இருந்த பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தரவு குறியாக்கம் செய்யப்படாமல், படிக்கக்கூடிய வடிவிலேயே சிப்பில் கிடந்தது. சிப்பை எடுத்தால் தரவும் வந்தது. இன்றைய நிலை வேறு.

பூட்டும் திறவுகோலும்

குறியாக்கம் என்பது தரவைப் பூட்டி வைப்பது. திறவுகோல் இல்லாதவருக்கு அது பொருளற்ற எழுத்துக்குவியல். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பிலிருந்து, போதிய வேகத்திறன் கொண்ட புதிய கைப்பேசிகளுக்குக் குறியாக்கம் கட்டாயமாக்கப்பட்டது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 பதிப்போடு வெளியான புதிய கைப்பேசிகளுக்கு, விலை குறைந்த மாடல்கள் உட்பட, விதிவிலக்கின்றி அது கட்டாயமானது. ஐபோன்களில் 2013இல் வந்த 5எஸ் மாடல் முதல், திறவுகோலைக் காக்கவே தனிப் பாதுகாப்புப் பகுதி செயலிச் சிப்புக்குள் வைக்கப்பட்டுள்ளது.

திறவுகோல் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமும் அடங்கியுள்ளது. அதன் ஒரு பகுதி செயலிச் சிப்புக்குள் பிரிக்க முடியாதபடி பதிக்கப்பட்டுள்ளது. மற்றொரு பகுதி, பயனாளர் இடும் கடவுச்சொல் அல்லது திரையில் வரையும் பேட்டர்ன். இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டுத் திறக்கும். ஆகவே இன்றைய கைப்பேசியின் நினைவகச் சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்தால் கிடைப்பது பூட்டிய பெட்டி. திறவுகோலின் பாதி, ஒதுக்கிவைக்கப்பட்ட மதர்போர்டிலேயே கிடக்கும்.

இதனால் தடய ஆய்வின் முறையே மாறியது. மதர்போர்டைப் பழுது நீக்கி உயிர்ப்பிப்பதே இன்று முதன்மை வழி. அது இயலாதபோது, செயலிச் சிப்பையும் நினைவகச் சிப்பையும் அவற்றோடு தொடர்புடைய பாகங்களையும் சேர்த்தே பெயர்த்து, அதே மாடலைச் சேர்ந்த நல்ல மதர்போர்டுக்கு மாற்றுகிறார்கள். மிகுந்த திறனும் பொறுமையும் வேண்டும் பணி அது. எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதில்லை. புதிய மாடல் கைப்பேசிக்குச் சிப்-ஆஃப் மட்டும் செய்து, ‘தரவு குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது, படிக்க இயலவில்லை’ என்று ஓர் ஆய்வகம் எழுதினால், மதர்போர்டை உயிர்ப்பிக்கும் முயற்சி அதற்கு முன் நடந்ததா என்று நாம் கேட்டாக வேண்டும்.

கடவுச்சொல் எத்துணை முக்கியம் என்பதும் இப்போது விளங்கும். அணைந்துபோன கைப்பேசி மீண்டும் தொடங்கும்போது விரல்ரேகையையோ முகத்தையோ ஏற்காது, கடவுச்சொல்லையே கேட்கும். இறந்தவரின் கடவுச்சொல் தங்கைக்கோ நண்பருக்கோ தெரிந்திருக்கலாம். அதை உடனே தாளில் எழுதி வைக்க வேண்டும். துக்கத்தில் மறந்துபோகும் நான்கு எண்கள் ஒரு வழக்கையே மாற்றக்கூடும்.

முதல் சில மணி நேரம்

உடைந்த கைப்பேசி குடும்பத்தின் கையிலோ நம் தோழர்களின் கையிலோ கிடைக்கும்போது, நல்லெண்ணத்தோடு செய்யும் சில செயல்களே சாட்சியத்தை அழித்துவிடுகின்றன.

நனைந்த கைப்பேசியைச் சார்ஜ் போடக் கூடாது. இயக்கிப் பார்க்கவும் கூடாது. ஈரத்தில் மின்சாரம் பாயும்போது அரிப்பு வேகமெடுக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். நனைந்த கைப்பேசிக்கு நாள்கள் கடப்பதே பகை என்பதால், அதை விரைந்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருவதே சரி.

பழுது நீக்கும் கடைக்குக் கொண்டுசெல்லக் கூடாது. ‘சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும்’ என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கைப்பேசி இயங்கும், ஆனால் அதற்குள் இருந்த அனைத்தும் போயிருக்கும். லோகோவோடு நின்றுவிட்ட கைப்பேசி சில வேளைகளில் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யும்படி திரையில் கேட்கும். அதை அழுத்திய கணத்தில் குறியாக்கத்தின் திறவுகோல் அழிந்துவிடும். அதன்பின் எந்த ஆய்வகத்தாலும் மீட்க இயலாது.

திரை உடைந்து, ஆனால் இயங்கும் நிலையில் உள்ள கைப்பேசியில் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டுப் பார்க்கக் கூடாது. உடைந்த திரை தானாகவே தொடுகைகளைப் பதிவுசெய்யும். தவறான முயற்சிகள் கூடக்கூடக் கைப்பேசி பூட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை எளியவை. கைப்பேசியை இருக்கும் நிலையிலேயே முன்னும் பின்னும் படமெடுக்க வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் கண்டெடுத்தார் என்று எழுதி, இருவர் கையொப்பமிட வேண்டும். சிதறிய துண்டுகள் அனைத்தையும் சேகரிக்க வேண்டும். குப்பையாகத் தெரியும் துண்டில் சிப் இருக்கலாம். பெட்டியோ ரசீதோ வீட்டில் இருந்தால் அதிலுள்ள ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி உப்பியோ உருகியோ இருந்தால் அதைத் தொடக் கூடாது, தீப்பற்றக்கூடும்.

உயிரற்ற கைப்பேசிக்கு ஹேஷ் மதிப்பு இல்லை

ஹேஷ் மதிப்பு என்பது மின்னணுத் தரவின் கைரேகை. தரவிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எழுத்து-எண் கோவை அது. தரவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கோவை முற்றிலும் மாறிவிடும். கைப்பற்றிய நாளின் ஹேஷ் மதிப்பும் நீதிமன்றத்தில் முன்வைக்கப்படும் நகலின் ஹேஷ் மதிப்பும் ஒன்றாக இருந்தால், இடையில் எவரும் கைவைக்கவில்லை என்று பொருள். இதன் முக்கியத்துவத்தைப் பீமா கோரேகான் வழக்கு நமக்கு உணர்த்தியது. ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீநிரல் வழியே கோப்புகள் புகுத்தப்பட்டிருந்தன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் தன் ஆய்வறிக்கையில் கூறியது. அது 2021இல் வெளியானது. விசாரணை முகமை அதை ஏற்கவில்லை. மின்னணுக் கருவி எந்நிலையில் கைப்பற்றப்பட்டது என்பதற்கு அசைக்க முடியாத பதிவு வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுப்பெற்றது.

இயங்காத கைப்பேசியில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. அதைக் கைப்பற்றும் நாளில் ஹேஷ் மதிப்பைக் கணக்கிடவே முடியாது. தரவு வெளியே வந்த நாளில்தான் முதல் ஹேஷ் பிறக்கிறது. கைப்பற்றலுக்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்குக் காவல், மகஜரும் முத்திரையும் படங்களும் மட்டுமே. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் தாக்கும் இடமும் அதுவே. ஆகவே மகஜரில் மாடல், நிறம், ஐஎம்இஐ எண், உடைப்பின் தன்மை, சிம் மற்றும் மெமரி கார்டு இருந்தனவா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகம் எந்தப் பாகத்தை எந்நாளில் மாற்றியது என்பது பழுது நீக்கத்தின் ஒவ்வொரு படியிலும் படத்தோடு பதிவாக வேண்டும்.

சட்டம் தரும் கருவிகள்

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி நமக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆயினும் அவற்றில் உள்ள சில பிரிவுகளைப் பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்று பயன்படுத்த முடியும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யக் கட்டாயமாக்குகிறது. பிரிவு 193, காவல்துறை தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையில், மின்னணுக் கருவி யார் யார் கைமாறி வந்தது என்ற வரிசையைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. விசாரணையின் முன்னேற்றத்தைத் தொண்ணூறு நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அந்தத் தகவலைக் கோரும் கடிதத்தில், ‘கைப்பேசி எந்த ஆய்வகத்துக்கு, எந்நாளில், என்னென்ன கேள்விகளோடு அனுப்பப்பட்டது?’ என்று நாம் சேர்த்துக் கேட்கலாம்.

பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு மாற்றாக வந்தது. மின்னணு நகலோடு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹேஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 65பி சான்றிதழ் கட்டாயம் என்றது. அசல் கருவியையே உரிமையாளர் நீதிமன்றத்தில் முன்வைத்துச் சாட்சியம் அளித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் கூறியது. இயங்காத கைப்பேசிக்கு இந்த விலக்கு உதவாது. மேசைமீது வைத்தாலும் அது எதையும் காட்டாது. நாம் நம்பியிருப்பது ஆய்வகம் எடுத்த நகலை. ஆகவே சான்றிதழை முதல் நாளிலிருந்தே கேட்டுப் பெற வேண்டும்.

நம் கையில் உள்ள வலிமையான கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, ஆவணங்களையும் பொருள்களையும் முன்வைக்கும்படி உரியவர்களுக்கு அழைப்பாணை அனுப்பக் கோரிச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் நேரடியாக அளிக்கிறது. ஆய்வகத்தின் பணிக்குறிப்புகள், எடுக்கப்பட்ட படங்கள், நிபுணர் ஆகியோரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர இப்பிரிவைப் பயன்படுத்தலாம். கைப்பேசியை வேறோர் ஆய்வகத்துக்கு மறு ஆய்வுக்கு அனுப்பக் கோரும் மனுவுக்கும் இதுவே அடித்தளம். மின்னணுச் சாட்சிய ஆய்வாளர்களாக ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் அறிவித்துள்ள ஆய்வகங்களைப் பெயர் சுட்டிக் கோருவது நல்லது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, அறுபது நாள்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். ஆய்வக அறிக்கை அதற்குள் வராது என்பதைக் காரணமாக்கிக் கைப்பேசியை விட்டுவிட முயல்வார்கள். குற்றப்பத்திரிகைக்குப் பின்னும் கூடுதல் விசாரணை செய்து அறிக்கை அளிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. காலக்கெடுவைக் காப்பதும் கைப்பேசியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அந்தரங்கம் குறித்தும் ஒரு சொல். கொல்லப்பட்டவரின் கைப்பேசியில் அவருடைய காதலும் நட்பும் இயக்கத் தொடர்புகளும் சேர்ந்தே இருக்கும். சம்பவத்துக்குத் தொடர்பான நாள்கள், செயலிகள், உரையாடல்கள் ஆகியவற்றோடு ஆய்வு நிற்க வேண்டும் என்று மனுவிலேயே வரம்பு கேட்பது நம் கடமை. பாலியல் வன்முறை வழக்குகளில் இது இன்னும் கூர்மையானது. மெமரி கார்டில் உள்ள பதிவு ஆவணமே என்றாலும், பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கத்தைக் காக்க, நகல் தராமல் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்று நடிகர் திலீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியுள்ளது.

குற்றஞ்சாட்டப்பட்டவரின் உடைந்த கைப்பேசி

தாக்கியவர்களும் தங்கள் கைப்பேசிகளை உடைக்கிறார்கள். சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுவில் நடந்த திட்டமிடல், பெருமிதத்தோடு எடுத்த காணொளி ஆகியவை அங்கே இருக்கும். உடைந்த கைப்பேசி கிடைத்தால் அது இருவகையில் சாட்சியம். உள்ளே உள்ள தரவு ஒன்று. உடைக்கப்பட்டது என்ற செயல் மற்றொன்று. தடயத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 238இன் கீழும், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகாதபடி அழிப்பது பிரிவு 241இன் கீழும் குற்றங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(vi) பிரிவு, வன்கொடுமையின் தடயத்தை மறைப்பவருக்கு அந்த வன்கொடுமைக்கு உரிய தண்டனையையே விதிக்கிறது. உடைப்பு தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்பது குறித்தும் கருத்துக் கூறும்படி ஆய்வகத்துக்கு அனுப்பும் கேள்விப் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

கைப்பேசிக்கு வெளியே

கைப்பேசியை மட்டுமே நம்பியிருக்கவும் கூடாது. மெமரி கார்டில் உள்ள படங்கள் பெரும்பாலும் குறியாக்கமின்றி இருக்கும். அனுப்பிய காணொளியும் குரல் செய்தியும் பெற்றவரின் கைப்பேசியில் இருக்கும். கூகுள் கணக்கில் படங்களும் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் தாமாகவே சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டாண்டுகள் பாதுகாக்க வேண்டும். சிம் தொண்ணூறு நாள்கள் பயன்பாடின்றிக் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படலாம். ஆகவே இறந்தவரின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து வருவது சிறு செலவில் செய்யும் பெரும் காப்பு. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு குடும்பத்தினரே வாட்ஸ்அப் கணக்கைப் புதிய கைப்பேசியில் திறந்து பார்க்கக் கூடாது. அது எழுத்துமூலக் கோரிக்கையின் பேரில் விசாரணை அதிகாரியும் நிபுணரும் பதிவுசெய்தபடி நடக்க வேண்டும்.

அறிக்கை வந்தபின் கேட்க வேண்டியவை

‘இயங்கவில்லை’ என்ற அறிக்கையைக் கையில் எடுக்கும் எவரும் இவ்வேழு கேள்விகளை அதன்முன் வைக்கலாம். பழுது எந்தப் பாகத்தில் எனக் கண்டறியப்பட்டதா? திரையும் பேட்டரியும் மாற்றிப் பார்க்கப்பட்டனவா? மதர்போர்டு சுத்தம் செய்யப்பட்டுப் பழுது நீக்கப்பட்டதா? செயலிச் சிப்பின் அவசர நிலை வழியே அணுகும் முயற்சி நடந்ததா? நினைவகச் சிப் சோதிக்கப்பட்டதா, அதற்கு முன் குறியாக்கம் கருத்தில் கொள்ளப்பட்டதா? குடும்பம் அளித்த கடவுச்சொல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? சிம்மும் மெமரி கார்டும் தனியே ஆராயப்பட்டனவா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் மறு ஆய்வு கோர நியாயம் உண்டு.

எல்லாக் கைப்பேசிகளையும் மீட்க முடியாது. செயலிச் சிப்பே நொறுங்கிவிட்டாலோ, கடவுச்சொல் எவருக்கும் தெரியாமல் போனாலோ, தொழில்நுட்பம் கைவிரிக்கும் இடங்கள் உண்டு. அந்த எல்லையை முறையான ஆய்வு தொட்டபின் சொல்ல வேண்டும். அலட்சியம் அதைத் தீர்மானிக்கக் கூடாது. உண்மை அறியும் குழுவாகக் கிராமத்துக்குச் செல்லும் மாணவர்கள், கேமராவோடும் குறிப்பேட்டோடும் சேர்த்து ஒரு காகித உறையையும் எடுத்துச் செல்லுங்கள். உடைந்த துண்டுகளை அதிலிட்டு ஒட்டி, நாளும் நேரமும் எழுதி, சாட்சிகளின் கையொப்பம் பெற்று, விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து, ஒப்புகை வாங்குங்கள். ஆய்வகத்தின் பணி அந்த ஒப்புகையிலிருந்தே தொடங்குகிறது.